யாரைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டோம்?



சிரிப்பும் அழுகையும் இறைவன் மனிதனுக்கு அளித்தவை. சிரிக்க வைப்பவனும் அழ வைப்பவனும் அவனே என்று திருக்குர்ஆன் (53:43) கூறுகிறது. பிறந்து இரண்டு மாதம் ஆகும் வேளையில் குழந்தை தாயின் முகம் பார்த்துப் புன்னகைக்கத் தொடங்குகிறது. அந்தப் புன்னகையை அதற்கு எவரும் கற்பிப்பதில்லை. ஆனால் எதைக் கண்டு சிரிப்பது, யாரைக் கண்டு சிரிப்பது என்பதெல்லாம் பின்னர் கற்றுக்கொள்பவை. நாற்பது வயதைக் கடந்த என் தலைமுறைக்கு அதைக் கற்பித்தவர்களில் பெற்றோர், உறவினர், தெருத் தோழர்கள் ஆகியோருடன் இன்னொருவரையும் சேர்த்தாக வேண்டும். அது வீட்டுக் கூடத்தில் மரப்பெட்டிக்குள் அமர்ந்திருந்த தொலைக்காட்சி.

நம் சமுதாயத்தில் தொலைக்காட்சி கூடுமா, கூடாதா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. மேடைகளில் பேசினார்கள், ஜும்ஆ உரைகளில் எச்சரித்தார்கள். ஆடை, இசை, நேர விரயம், தொழுகை தவறுதல் ஆகியவையே அந்த விவாதத்தில் பெரிதும் பேசப்பட்டன. அவை பேச வேண்டியவைதாம். ஆயினும், அந்தப் பெட்டி நம் சிரிப்பை எவ்வாறு வார்த்தெடுத்தது என்ற கேள்வியை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. சிறுவர்களுக்கு ஓதக் கற்பிக்கும் பணியில் இருப்பதால் அந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வந்து நிற்கிறது.

ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தென்மாவட்டங்களில் இருந்த எங்களுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான் மாடிகளில் ஆண்டெனாக்கள் முளைத்தன. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் இன்னொரு வசதியும் இருந்தது. இலங்கையில் 1982-இல் தொடங்கப்பட்ட ரூபவாஹினி கடல் தாண்டி எங்கள் கூடங்களுக்கு வந்தது. காற்று திசை மாறினால் ஆண்டெனாவும் திரும்பிக்கொள்ளும். மாடியில் ஒருவர் கம்பியைத் திருப்ப, முற்றத்தில் ஒருவர் நின்று தகவல் சொல்ல, கூடத்தில் ஒருவர் படம் தெரிகிறதா என்று பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். ஒரு படம் பார்ப்பதற்கு மூன்று பேரின் உழைப்பு தேவைப்பட்டது.

வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வந்தவர் வீட்டில்தான் பெரும்பாலும் பெட்டி இருக்கும். வெள்ளிக்கிழமை இரவு ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை மாலைத் திரைப்படம் என்றால் அந்த வீட்டுக் கூடம் நிறைந்துவிடும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் முன்வரிசையில் தரையில். மஃக்ரிப் பாங்கு ஒலித்தால் பெட்டி அணைக்கப்படும். ரமளான் பிறந்துவிட்டால் அதன்மேல் பூ வேலைப்பாடு செய்த துணியைப் போர்த்திவிடுவார்கள். பெருநாள் பிறைக்குத்தான் துணி விலகும்.

அந்தக் கூடத்தில் நடந்த ஒரு சிறு செயலை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். நகைச்சுவைக் காட்சி வந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் திரையைப் பார்ப்பார்கள். உடனே தலையைத் திருப்பிப் பெரியவர்களின் முகத்தைப் பார்ப்பார்கள். பெரியவர்கள் சிரித்தால் அது சிரிக்க வேண்டிய இடம். உம்மம்மா முகம் சுளித்தால் அது சிரிக்கக் கூடாத இடம். பாதி நகைச்சுவை எங்களுக்குப் புரியாது. பெரியவர்களின் முகங்களே எங்களுக்கு உரைநூலாக இருந்தன. ஆகவே தொலைக்காட்சி தனியாக எங்களுக்குக் கற்பிக்கவில்லை. கூடத்தில் இருந்தோரும் சேர்ந்தே கற்பித்தார்கள்.

இரண்டு வகைச் சிரிப்பு

அப்போது நாங்கள் பார்த்த நகைச்சுவை ஒரே வகையானதன்று. 1964-இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில், படம் எடுக்கத் துடிக்கும் மகனாக நாகேஷும், அவருடைய தந்தையாக பாலையாவும் வருவார்கள். மகன் தந்தைக்குத் திகில் கதை ஒன்றைச் சொல்லுவார். கதவு கிரீச்சிடும் ஓசை, காலடி ஓசை அனைத்தும் நாகேஷின் வாயிலிருந்தே பிறக்கும். கதை செல்லச் செல்ல பாலையாவின் முகம் மாறும். அந்தக் காட்சியில் எவரும் அடிபடுவதில்லை. எவருடைய நிறமும் உடலும் பேசப்படுவதில்லை. கதை கேட்கும் மனிதன் எப்படிக் கதைக்குள் விழுந்துவிடுகிறான் என்பதே அதன் சுவை. இன்று மாணவர்களுக்கு நபிமார்களின் வரலாற்றைச் சொல்லும்போது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது என்றால், அதில் ஒரு பங்கு அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்ததால் வந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நல்லது எங்கிருந்து வந்தாலும் நல்லதே.

எண்பதுகளில் வேறொரு சிரிப்பு வந்தது. கவுண்டமணி, செந்தில் இணையின் காலம் அது. 1984-இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தின் பெட்ரோமாக்ஸ் விளக்குக் காட்சியையும், 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியையும் அறியாத தமிழர் அரிது. அந்த நகைச்சுவையில் அறிவுக் கூர்மை இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. வாழைப்பழக் காட்சியின் உயிர் ஒரு தர்க்கத்தில் இருக்கிறது. இரண்டு பழம் வாங்கச் சென்றவர் ஒன்றைத் தின்றுவிட்டு, மீதமுள்ள ஒன்றையே காட்டி, கேட்கப்படுகிற மற்றொன்று அதுதான் என்று சாதிக்கிறார். அவர் கூற்றில் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடத் தேடச் சிரிப்பு வருகிறது.

ஆனால் முன்வரிசையில் அமர்ந்திருந்த நாங்கள் மறுநாள் பள்ளிக்கூடத்திற்கு எடுத்துச் சென்றது அந்தத் தர்க்கத்தையன்று. தர்க்கத்தைத் திரும்பச் செய்து காட்டத் திறமை வேண்டும். உதைப்பதற்கும், தலையின் வடிவத்தையும் உடலின் பருமனையும் தோலின் நிறத்தையும் சொல்லி அழைப்பதற்கும் எந்தத் திறமையும் வேண்டாம். குழந்தைகள் எளிதானதையே முதலில் எடுத்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை காலை வகுப்பறையில் ஒருவன் கவுண்டமணி ஆவான். கறுப்பாகவோ குண்டாகவோ குள்ளமாகவோ இருப்பவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மற்றவன் ஆவான். திரையில் அடிவாங்கிய நடிகர் அதற்கு ஊதியம் பெற்றார். மறுகாட்சியில் எழுந்து சிரித்தார். வகுப்பறையில் அடிவாங்கியவனுக்கு மறுகாட்சி இல்லை.

பின்னாளில் வந்த வடிவேலுவின் நகைச்சுவையை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. 2003-இல் வந்த ‘வின்னர்’ படத்தின் கைப்புள்ளையும் அடிவாங்குகிறார். ஆனால் வீரம் பேசியதற்காக அடிவாங்குகிறார். அங்கே நாம் சிரிப்பது வெற்றுப் பெருமையைக் கண்டு. பெருமையைக் கண்டு சிரிப்பது வேறு, பிறப்பில் அமைந்ததைக் கண்டு சிரிப்பது வேறு. பெருமையை மனிதன் விட்டுவிடலாம். நிறத்தையும் உயரத்தையும் அவன் எங்கே கொண்டுபோய் விடுவான்? அவை அவனைப் படைத்தவனின் தேர்வு.

பெயரை இழந்தவர்

என் மாமி மகன் ஒருவர் இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சிறு வயதில் சற்றுப் பருமனாகவும் கறுப்பாகவும் இருப்பார். பத்து வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் படத்திற்குப் பிறகு அந்தப் படத்தின் நகைச்சுவைப் பாத்திரம் ஒன்றின் பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. தெரு அழைத்தது, பள்ளி அழைத்தது, பிறகு வீடும் அழைத்தது. அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவர் அவர்தாம். அந்தப் பாத்திரத்தைப்போலவே நடந்து காட்டுவார், பேசிக் காட்டுவார். கூடியிருப்பவர்கள் கைதட்டுவார்கள்.

அவருடைய நிகாஹ் மஜ்லிஸில் நான் இருந்தேன். ஜமாஅத்தின் திருமணப் பதிவேட்டைத் திறந்து, மணமகனின் பெயரையும் அவருடைய வாப்பாவின் பெயரையும் சேர்த்து இமாம் உரக்கப் படித்தார். பின்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “யாருக்கு நிகாஹ்? இன்னாருக்குத்தானே என்று வந்தோம்?” என்று கேட்டார். பட்டப்பெயரைச் சொல்லித்தான் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மணமகனும் சிரித்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் நாங்கள் இருவரும் அமர்ந்திருந்தோம். பேச்சு பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதைப் பற்றிச் சென்றது. அவர் சொன்னார்: “எனக்கு ஏழாம் நாள் அகீகா கொடுத்து, ஆட்டை அறுத்து, ஊரைக் கூட்டி வாப்பா ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி என்னை அழைத்தவர்கள் வாப்பாவும் உம்மாவும்தான். இரண்டு பேரும் மவுத்தாகிவிட்டார்கள். இப்போது அந்தப் பெயர் ஆதார் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.” சொல்லிவிட்டு அவர் வழக்கம்போலச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக அவர் சிரித்ததை நாங்கள் சம்மதம் என்று எண்ணியிருந்தோம். அழாமல் இருப்பதற்காகவும் மனிதன் சிரிப்பான் என்பது அன்று விளங்கியது.

நாமும் திரையில் இருந்தோம்

சிரிக்கப்படுகிறவனின் நிலை எத்தகையது என்பதைத் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் நன்கு அறிவோம். நம் தாய்மொழி தமிழ். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் நம்மவர். ஆயினும் எத்தனையோ படங்களில் ‘பாய்’ பாத்திரம் வந்தால் அவர் உடைந்த தமிழையோ உருது கலந்த தமிழையோ பேசுவார்; கூடம் சிரிக்கும். கடலோர ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தமிழன்றி வேறு மொழி பேசியறியாத வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, “நீங்கள் வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?” என்று பள்ளித் தோழன் வியப்புடன் கேட்பான். அவன்மேல் தவறில்லை, அவனுக்கு நம்மை அறிமுகப்படுத்தியது திரை.

சிரிப்பு ஒரு மனிதனைப் பற்றி வேகமாகக் கற்பித்துவிடுகிறது; சிரித்தபின் அதை மறுத்துப் பேசுவது கடினம். “தமாஷுக்குத்தானே!” என்ற ஒரு சொல்லால் எதிர்ப்பவனின் வாய் அடைக்கப்படுகிறது. நம்மைப் பற்றிய தமாஷில் நமக்கு வலிக்கிறது என்றால், நம் தெருவில் கறுப்பாக இருப்பவருக்கும், குள்ளமானவருக்கும், காது கேளாதவருக்கும், திக்கிப் பேசுபவருக்கும் அதே வலி உண்டு.

மார்க்கம் வகுத்த எல்லை

திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்தின் பதினோராவது வசனம் இதைத்தான் நேரடியாகப் பேசுகிறது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம்; பரிகசிக்கப்படுவோர் இவர்களைவிட மேலானவர்களாக இருக்கக்கூடும் என்று அது ஆண்களுக்குச் சொல்கிறது. அதையே பெண்களுக்கும் தனியாக மீண்டும் சொல்கிறது. ஒருவரையொருவர் குறை கூறுவதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிறது.

பட்டப்பெயர் குறித்த பகுதி பனூ ஸலமா கூட்டத்தார் விஷயத்தில் அருளப்பட்டது என்று அபூதாவூத், திர்மிதி நூல்களில் அறிவிப்பு உள்ளது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. நபியவர்கள் ஒருவரை அவற்றில் ஒரு பெயரால் அழைத்தால், அந்தப் பெயரை அவர் விரும்புவதில்லை என்று பிறர் சொல்லுவார்கள். அதை அடுத்தே இந்த வசனம் இறங்கியது. இங்கே அளவுகோல் என்னவென்று பாருங்கள். அழைப்பவரின் எண்ணம் பேசப்படவில்லை. அழைக்கப்படுபவரின் மனமே பேசப்படுகிறது. அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் ‘அபூ துராப்’, அதாவது மண்ணின் தந்தை என்று பெயர் சூட்டினார்கள். மண் படிந்த உடலோடு பள்ளிவாசலில் படுத்திருந்தவரை எழுப்பி, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே அன்போடு அழைத்த பெயர் அது. அலீ (ரலி) அவர்களுக்கு அதைவிட விருப்பமான பெயர் வேறில்லை. அதுவும் விளையாட்டாக வைத்த பெயர்தான். ஆனால் சூடியவருக்கு அது மகுடமாக இருந்தது.

இஸ்லாம் சிரிப்புக்கு எதிரானது என்று எண்ணுபவர்கள் நபியவர்களின் வாழ்வைப் படிக்க வேண்டும். பயணம் செய்ய வாகனம் கேட்டு வந்தவரிடம் ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஒரு ஒட்டகத்திற்குப் பிறந்த குட்டிதானே என்று விளக்கினார்கள். வாழைப்பழக் காட்சியில் நாம் இரசித்த அதே தர்க்கச் சுவை இதிலும் இருக்கிறது. ஆனால் இதில் பொய் இல்லை, ஏமாந்தவர் இல்லை, உதை வாங்கியவர் இல்லை. வந்தவர் வாகனத்தோடு போனார்.

ஸாஹிர் (ரலி) என்ற கிராமவாசித் தோழரின் நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. அவர் அழகற்ற தோற்றம் உடையவர் என்றே அறிவிப்பில் வருகிறது. கடைவீதியில் அவர் பொருள் விற்றுக்கொண்டிருந்தபோது நபியவர்கள் பின்னால் வந்து அவரை அணைத்துக்கொண்டார்கள். யாரென்று தெரியாமல் விடச் சொன்னவர், நபியவர்கள் என்று அறிந்ததும் தம் முதுகை அவர்களின் நெஞ்சோடு இன்னும் நெருக்கிக்கொண்டார். இந்த அடிமையை யார் வாங்குவார் என்று நபியவர்கள் விளையாட்டாகக் கூவினார்கள். என்னை விற்றால் விலை போகமாட்டேன் என்றார் அவர். அல்லாஹ்விடத்தில் நீர் விலைமதிப்புள்ளவர் என்று மறுமொழி கூறினார்கள். அல்லாஹ்வின் அடிமை என்ற பொருளில் அந்த விளையாட்டுச் சொல்லும் உண்மையே. தம் தோற்றத்தை எண்ணித் தம்மையே தாழ்த்திக்கொண்ட மனிதர், அந்த நகைச்சுவை முடியும்போது கடைவீதியில் எல்லோரையும்விட உயர்ந்து நின்றார்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சி பறிக்க மரத்தில் ஏறியபோது காற்றில் ஆடை விலகி மெலிந்த கால்கள் தெரிந்தன. தோழர்கள் சிரித்துவிட்டார்கள். எதற்காகச் சிரிக்கிறீர்கள் என்று நபியவர்கள் கேட்டார்கள். கால்களின் மெலிவைச் சொன்னார்கள். மறுமைத் தராசில் அந்தக் கால்கள் உஹுது மலையைவிடக் கனமானவை என்று அறிவித்தார்கள். சிரித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், அவர்கள் ஸஹாபாக்கள். ஆனாலும் அந்தச் சிரிப்பு அப்படியே கடந்து போக விடப்படவில்லை. கூடத்தில் முகம் சுளித்த உம்மம்மாவின் வேலையை அங்கே நபியவர்கள் செய்தார்கள்.

முகம் பார்க்க ஆளில்லை

இன்றைய பிள்ளைகளுக்குக் கூடம் இல்லை. ஒவ்வொரு கையிலும் ஒரு திரை. காதில் ஒரு கருவி. நகைச்சுவைக்கென்றே தனி அலைவரிசைகள் வந்தன. இப்போது அவையும் பழையவை ஆகிவிட்டன. முப்பது நொடிக் காணொளிகள், மீம்கள், வாட்ஸ்அப் ஸ்டிக்கர்கள் என்று சிரிப்பு துண்டு துண்டாக வந்துகொண்டே இருக்கிறது. 2001-இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற நேசமணி பாத்திரத்தின் பெயர் 2019-இல் உலக அளவில் டுவிட்டரில் முன்னிலைக்கு வந்தது. நம் குழந்தைப் பருவத்துப் படங்களும் அதற்குப் பின் வந்தவையும் இன்னும் அவர்களுக்குள் வாழ்கின்றன. ஆனால் காட்சி ஓடும்போது தலையைத் திருப்பிப் பார்ப்பதற்கு அங்கே பெரியவர் முகம் ஒன்று இல்லை. அந்த இடத்தில் ஓர் ஓசை இருக்கிறது.

அந்த ஓசைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950-களில் சிரிப்பொலிகளைப் பதிந்து வைத்த இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். பொத்தானை அழுத்தினால் மெல்லிய சிரிப்பு, பலத்த சிரிப்பு என்று வேண்டியது வரும். பார்ப்பவர் அந்த ஒலி வரும் இடத்தில் தாமும் சிரிப்பார். நம் தொலைக்காட்சிகளில் கேலிக்கென்று சேர்க்கப்படும் ‘டொய்ங்’ ஓசையும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. சிரிக்க வேண்டிய இடத்தை மனச்சாட்சிக்கு முன்பே காது முடிவு செய்துவிடுகிறது.

எங்கள் மாலை நேர மக்தபில் ஓதும் ஒரு சிறுவனுக்குத் திக்கிப் பேசும் இயல்பு உண்டு. திடீரென்று ஒரு வாரம் அவன் வரவில்லை. அவனுடைய உம்மா வந்து சொன்னார்: “ஹஜ்ரத், ஓதமாட்டேன் என்று பிள்ளை சொல்லவில்லை. சத்தமாக ஓதமாட்டேன் என்றுதான் சொல்கிறான்.” விசாரித்தபோது விவரம் தெரிந்தது. அவன் ஓதியதைத் தோழன் ஒருவன் கைப்பேசியில் பதிந்து, திக்கும் இடந்தோறும் ‘டொய்ங்’ ஓசை சேர்த்து, பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். திக்கிப் பேசும் பாத்திரங்களை வைத்து எத்தனை நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்! அவர்களிடம் பகை எதுவும் இல்லை. “சும்மா தமாஷுக்கு, ஹஜ்ரத்” என்றார்கள். உண்மையாகவே சொன்னார்கள்.

நான் பிரம்பை எடுக்கவில்லை. எல்லோரையும் உட்கார வைத்து, அதே காணொளியை ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு ஓடவிட்டேன். இருபது நொடி இருக்கும். எவரும் சிரிக்கவில்லை. என்ன தெரிகிறது என்று கேட்டேன். அதைத் தயாரித்த பையனே மெதுவாகச் சொன்னான்: “அவன் கஷ்டப்பட்டு ஓதுகிறான், ஹஜ்ரத்.” குர்ஆனைச் சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பதை அப்போது எடுத்துச் சொன்னேன். மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி இறைவனிடம் கேட்டதையும் (20:27) சொன்னேன். பயணத்தில் உறங்கிய தோழர் ஒருவரின் கயிற்றைச் சிலர் விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டபோது, ஒரு முஸ்லிமைத் திடுக்குறச் செய்வது ஆகாது என்று நபியவர்கள் தடுத்த நிகழ்ச்சியையும் சொன்னேன். காணொளி எல்லாக் கைப்பேசிகளிலிருந்தும் அழிக்கப்பட்டது.

அதன்பின் வியாழக்கிழமைதோறும் பாடம் முடிந்து கால் மணி நேரம் ஒதுக்கினோம். ஒவ்வொருவரும் சிரிப்பான நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். நிபந்தனைகள் மூன்று: பொய் கூடாது, பிறருடைய உடலோ பேச்சோ பேசுபொருள் ஆகக் கூடாது, பேசப்படுபவர் அங்கே இருந்தால் அவரும் சிரிக்க வேண்டும். முதல் வாரம் ஒருவருக்கும் பேச வாய் வரவில்லை. தங்களிடம் இருந்த நகைச்சுவை முழுவதும் இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றை மீறுவதாகவே இருப்பதைக் கண்டார்கள். மூன்றாம் வாரம் ஒருவன், தன் வீட்டு ஆடு நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தைப் பாங்குக்கு முன்பே தின்றுவிட்ட கதையைச் சொன்னான். மக்தபே குலுங்கியது. ஆட்டுக்கும் வருத்தமில்லை.

அந்தச் சிறுவன் பத்து நாள்களுக்குப் பின் வந்தான். முதலில் எல்லோரும் போனபின் எனக்கு மட்டும் ஓதிக் காட்டினான். இப்போது வரிசையில் அமர்கிறான். சில நாள்களில் உரக்க ஓதுகிறான். சில நாள்களில் உதடு மட்டும் அசைகிறது. நான் வற்புறுத்துவதில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல்

திரையை வீட்டிலிருந்து முழுவதும் விலக்க முடிந்தவர்கள் விலக்கட்டும். முடியாத வீடுகளே பெரும்பான்மை என்பதை நான் அறிவேன். அந்த வீடுகளுக்குச் சொல்வது இதுதான். பிள்ளை சிரிக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். எதற்காகச் சிரிக்கிறாய் என்று அதட்டாமல் கேளுங்கள். நல்ல நகைச்சுவையாக இருந்தால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள். தர்பூசணித் துண்டுகளை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடிய ஸஹாபாக்கள், பொறுப்பு வந்தபோது ஆண்மையோடு எழுந்து நின்றார்கள் என்று அல்அதபுல் முஃப்ரத் நூலில் வருகிறது. ஒருவரைத் தாழ்த்தும் சிரிப்பாக இருந்தால், “அவருடைய உம்மா இதைப் பார்த்தால் சிரிப்பாரா?” என்று மட்டும் கேளுங்கள். நீண்ட உபதேசம் வேண்டாம். உங்கள் முகமே போதும்.

இன்னொன்று. உங்கள் தெருவிலும் குடும்பத்திலும் பட்டப்பெயரால் மட்டுமே அழைக்கப்படும் ஒருவர் இருப்பார். அவருடைய உண்மைப் பெயர் என்னவென்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? அடுத்த முறை சந்திக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லி ஸலாம் கூறுங்கள். என் மாமி மகனை இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் அவருடைய வாப்பா வைத்த பெயரைச் சொல்லியே அழைக்கிறோம். முதலிரு முறை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ அழைக்கிறோம் என்று நினைத்துவிட்டார். இப்போது திரும்பிப் பார்க்கிறார்.

பிறர் மனம் நோகாமல் சிரிக்கவும், சிரிக்கப்பட்டோரின் கண்ணீரை அறியவும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.